போர்க்காலத்தில் விளைபொருளுக்கு உச்சவிலையும் ஆதாரவிலையும் ஒன்றாக: அமெரிக்க அரசு ஏன் இரண்டையும் வைத்தது?

கயல் எழுதியது:

வணக்கம். முதுகலைப் பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போரும் விலைவாசியும் பற்றிய ஒரு தாளுக்கு இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவை எடுத்திருக்கிறேன். ஓரிடத்தில் சிக்கிக்கொண்டேன்.

1942 ஜனவரி 30 அன்று வந்த அவசரகால விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், பொருள்களுக்கு உச்சவிலை வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுக்கிறது. அதே சட்டம், விளைபொருள் என்றால் மட்டும் 'பாரிட்டி' விலையில் (விவசாயி வாங்குகிற பொருள்களின் விலையோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் சமநிலை விலையில்) 110 சதவீதத்துக்குக் கீழே உச்சவிலை வைக்கக் கூடாது என்கிறது. அப்புறம் அக்டோபர் 2 அன்று இன்னொரு சட்டம். அதில் பல பொருள்களுக்குப் பாரிட்டியில் 90 சதவீதம் ஆதாரவிலை, அதுவும் போர் முடிந்து இரண்டு ஆண்டு வரைக்கும்.

விலை ஏறாமல் தடுக்க வேண்டிய நேரத்தில், இறங்காமலும் ஏன் தாங்கிப் பிடிக்க வேண்டும்? போர்க்காலத்தில் உணவுப்பொருள் விலை எங்கே இறங்கப் போகிறது? "விவசாயிகள் கையில் ஓட்டு இருந்தது, அவ்வளவுதான்" என்று வகுப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் நெல்தான் விளைகிறது. அப்பாவிடம் கேட்டால், "எழுதி வைத்த விலை வேறம்மா, கைக்கு வருகிற விலை வேறு" என்கிறார். யாராவது விளக்க முடியுமா?

---

டெல்டாக்காரன் எழுதியது:

கயல், உங்கள் அப்பா சொன்னதுதான் இந்த விஷயத்தின் மையம்.

நான் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதி ஓய்வு பெற்றவன். அறிவிப்புப் பலகையில் விலை பளிச்சென்று எழுதியிருக்கும். உள்ளே சாக்கு இருக்காது. சாக்கு வந்தால் லாரி வராது. ஈரப்பதம் கூடுதல் என்று குவியலைத் திருப்பிக் காயவைக்கச் சொல்வோம், அன்று ராத்திரியே மழை கொட்டும். மறுநாள் காலையில் வியாபாரி கையில் பணத்தோடு களத்துக்கு வந்து ஒரு விலை சொல்வார். அந்த ஊரில் அன்றைக்கு அதுதான் விலை. பலகையில் இருப்பது வெறும் எழுத்து. இதைப் பார்த்துப் பார்த்துத்தான், வாங்குகிறேன் என்று சொன்ன அரசுகள் உண்மையிலேயே எங்கே, எப்படி வாங்கின என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஓட்டு பலம் காரணம் என்பது உண்மை. ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு நீங்கள் முதல் உலகப் போருக்குப் போக வேண்டும்.

1917 மே மாதம் சிகாகோ சந்தையில் கோதுமை புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அளவு) 3 டாலரைத் தாண்டிவிட்டது. அந்த ஆகஸ்ட் 10 அன்று, உணவுப்பொருளைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் கொடுக்கும் லீவர் சட்டம் வந்தது. ஹெர்பர்ட் ஹூவர் உணவு நிர்வாகி ஆனார். வில்லியம்ஸ் கல்லூரித் தலைவர் ஹாரி கார்ஃபீல்டு தலைமையில் ஒரு நியாய விலைக் குழு அமைத்து, அந்த ஆண்டுக் கோதுமைக்கு சிகாகோவில் 2 டாலர் 20 சென்ட் என்று முடிவு செய்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அந்த விலையைக் காக்க 'தானியக் கழகம்' என்று ஒன்றை அமைத்து, ஜூலியஸ் பார்ன்ஸ் என்ற அனுபவமுள்ள தானிய வியாபாரியிடம் கொடுத்தார்கள். கழகம் நேரடியாகச் சந்தையில் இறங்கி வாங்கியது, மாவு ஆலைகளுக்கும் நேச நாடுகளுக்கும் விற்றது. விலை நின்றதற்குக் காரணம் அந்தக் கொள்முதல்.

கோதுமைக்காரர்களுக்குக் கோபமும் இருந்தது. தெற்கே பருத்திக்கு எந்த வரம்பும் இல்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. 1918இல் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) கோதுமையை 2 டாலர் 40 சென்ட்டாக்க முயன்றது, குடியரசுத் தலைவர் வில்சன் ஒப்புதல் தராமல் அந்த மசோதாவைத் திருப்பி அனுப்பினார். ரயில் கட்டணம் ஏறியதால் 2 டாலர் 26 சென்ட் வரைக்கும்தான் போனது. இருந்தாலும் மேற்குச் சமவெளியில் புல்தரையாகக் கிடந்ததை எல்லாம் உழுதார்கள். கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள், டிராக்டர் வாங்கினார்கள்.

1920 நடுவில் உத்தரவாதம் முடிந்தது. கழகம் கடையைக் கட்டியது. 1921இல் விவசாயி கைக்கு வந்தது புஷலுக்கு ஏறக்குறைய 1 டாலர். நிலத்தின் மேல் வாங்கிய கடன் மட்டும் குறையவில்லை. அடுத்த பத்தாண்டு முழுக்க, ஊர்ப்புறத்துச் சின்ன வங்கிகள் ஆயிரக்கணக்கில் மூடின. நகரத்தில் அந்தப் பத்தாண்டைச் செழிப்புக் காலம் என்பார்கள். கோதுமைக் காட்டில் யாரும் அப்படிச் சொல்லவில்லை.

சரி, இப்போது 1941க்கு வாருங்கள். வேளாண் செயலர் கிளாட் விக்கார்டு, பிரிட்டனுக்கும் அனுப்ப வேண்டியிருப்பதால் பன்றி, முட்டை, பால், சோயா எல்லாவற்றையும் கூட்டுங்கள் என்கிறார். கேட்கிற விவசாயிக்கு ஐம்பது வயது என்று வையுங்கள். இருபது ஆண்டுக்கு முன்னால் "கோதுமை போர் ஜெயிக்கும்" என்று இதே அரசு சொன்னதைக் கேட்டு உழுதவர். நிலத்தை இழந்தவர், இல்லை பக்கத்து வீட்டுக்காரர் இழந்ததைப் பார்த்தவர். அவருக்குப் போர்க்கால விலையைப் பற்றிப் பயமே இல்லை. போர் முடிந்த மறுநாளைப் பற்றித்தான் பயம்.

அந்தப் பயத்துக்கு அரசு சொன்ன பதில் ஸ்டீகல் திருத்தம். அலபாமாவின் காங்கிரஸ் உறுப்பினர் ஹென்றி ஸ்டீகல், கிளாஸ்-ஸ்டீகல் வங்கிச் சட்டத்தால் நீங்கள் கேள்விப்பட்டிருக்கும் அதே ஸ்டீகல், 1941 ஜூலையில் கொண்டுவந்தது. உற்பத்தியைக் கூட்டச் சொல்லி அரசு கேட்டுக்கொள்ளும் பொருளுக்கு, பாரிட்டியில் 85 சதவீதமாவது கிடைக்கச் செய்ய வேண்டும். 1942 அக்டோபரில் அதை 90 ஆக்கி, போர் முடிந்த அறிவிப்புக்கு அடுத்த ஜனவரியிலிருந்து இரண்டு ஆண்டு வரை நீட்டினார்கள். உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: 1920இன் வடு இல்லாமல் அந்த இரண்டு ஆண்டு வாக்குறுதி வந்திருக்காது.

பாரிட்டியையும் சொல்லிவிடுகிறேன். 1909 ஆகஸ்ட் முதல் 1914 ஜூலை வரை உள்ள காலத்தை அடிப்படையாக வைத்தார்கள். அப்போது கோதுமை சராசரியாகப் புஷலுக்கு 88.4 சென்ட். விவசாயி வாங்குகிற துணி, கருவி, உரம், வட்டி, வரி எல்லாம் சேர்ந்து அன்றைக்கு இருந்ததைப் போல ஒன்றரை மடங்கானால், கோதுமையின் பாரிட்டி விலையும் ஒன்றரை மடங்காகும், சுமார் 1 டாலர் 33 சென்ட். விளைச்சல் செலவைக் கணக்கிட்டு வைத்த விலை என்று இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். விற்கிறதற்கும் வாங்குகிறதற்கும் உள்ள உறவை அந்தப் பழைய நிலையில் வைப்பதுதான் நோக்கம்.

அந்த 110 சதவீதம் மட்டும் நீங்கள் சொன்னபடி ஓட்டு பலத்தில் வந்தது. அதனால் கெட்டதும் நடந்தது. 1942 ஏப்ரல் 28 அன்று விலை நிர்வாக அலுவலகம் பெரும்பாலான சில்லறை விலைகளை மார்ச் மாத அளவில் நிறுத்தியது. ஆனால் பல விளைபொருளின் விலை இன்னும் பாரிட்டியில் 110 சதவீதத்தை எட்டவில்லை, அதனால் அவற்றுக்கு உச்சவிலை வைக்க முடியவில்லை. விற்கிற விலை கட்டுண்டு, வாங்குகிற விலை ஏறிக்கொண்டிருக்க, நடுவில் கடைக்காரரும் ஆலைக்காரரும் நசுங்கினார்கள். செப்டம்பர் 7 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், "அக்டோபர் 1க்குள் சட்டத்தைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் நானே நடவடிக்கை எடுப்பேன்" என்ற பொருளில் காங்கிரஸுக்குக் கெடு வைத்தார். அப்படி வந்ததுதான் அக்டோபர் 2 சட்டம். இனி உச்சவிலையைப் பாரிட்டியிலோ, அந்த ஆண்டு ஜனவரி முதல் செப்டம்பர் 15 வரை நிலவிய உயர்ந்த விலையிலோ, இரண்டில் எது அதிகமோ அதில் வைக்கலாம். விலைகளை நிலைநிறுத்தும் இந்த வேலையை நடத்த, ஜேம்ஸ் பர்ன்ஸ் உச்ச நீதிமன்ற நீதிபதி பதவியை விட்டுவிட்டு வந்தார்.

பணம் யார் கொடுத்தார்கள் என்பதையும் உங்கள் தாளில் சேருங்கள். 1943 ஜூனில் இறைச்சி, வெண்ணெய்ச் சில்லறை விலையைப் பத்து சதவீதம் அளவுக்கு இறக்கினார்கள். விவசாயிக்குக் கொடுக்கிற விலையைக் குறைக்காமல், அந்த வித்தியாசத்தை ஆலைகளுக்கு மானியமாக அரசே கொடுத்தது. தீவனம் விலை ஏறியபோது, அந்த அக்டோபரிலிருந்து பால்மாடு வளர்க்கும் விவசாயிகளுக்கு நேரடியாகவே கொடுத்தார்கள். இதைப் பெரிய விவசாய அமைப்பான ஃபார்ம் பியூரோ எதிர்த்தது: மானியம் வேண்டாம், சந்தையிலேயே நல்ல விலை கொடுங்கள் என்று. இன்னொரு விவசாய அமைப்பான ஃபார்மர்ஸ் யூனியன் ஆதரித்தது. மானியத்தைத் தடை செய்யக் காங்கிரஸ் கொண்டுவந்த மசோதாக்களை ரூஸ்வெல்ட் 1943 ஜூலையிலும் 1944 பிப்ரவரியிலும் திருப்பி அனுப்பினார். அவர் செய்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன். கூலிக்காரர் தட்டையும் விவசாயி பையையும் ஒன்றோடொன்று மோதவிடாமல் இருக்க அப்போது வேறு வழி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

---

அயோவா தமிழன் எழுதியது:

ஐயா எழுதியதற்கு இங்கிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். நான் அயோவாவில் ஒரு தானியக் கூட்டுறவின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். சுற்றிலும் சோளமும் சோயாவும்தான்.

கொள்முதல் எப்படி நடந்தது என்று யாராவது கேட்டால் இங்கே வயதானவர்கள் முதலில் சொல்வது அரசாங்கத் தகரக் கிடங்குகளை. 1930களின் கடைசியிலிருந்து, ரயில் பாதையை ஒட்டி வட்ட வட்டமாக எஃகுக் கிடங்குகளை வரிசையாக வைத்தார்கள். ஹென்றி வாலஸ் இந்த ஊர்க்காரர், வேளாண் செயலராக இருந்தபோது 'என்றும் குறையாத களஞ்சியம்' என்று அவர் பேசிய திட்டம் அது. விவசாயி தன் சோளத்தை அடமானம் வைத்து அரசின் சரக்குக் கடன் கழகத்திடம் ஆதாரவிலை அளவுக்குக் கடன் வாங்குவார். சந்தை விலை ஏறினால் விற்றுக் கடனை அடைக்கலாம். ஏறாவிட்டால் சோளத்தையே அவர்களிடம் விட்டுவிடலாம், மேற்கொண்டு ஒரு சென்ட் கேட்க மாட்டார்கள். போர் வந்தபோது அந்தக் களஞ்சியத்தில் சரக்கு இருந்தது. கால்நடையைப் பெருக்கச் சொல்ல அரசுக்குத் துணிவு வந்தது அதனால்தான்.

ஆனால் ஒரு பொருளுக்கு விலை வைத்தால் அது பக்கத்துப் பொருளையும் இழுக்கும். பன்றிக்கு சிகாகோவில் நூறு பவுண்டுக்கு 13 டாலர் 75 சென்ட் ஆதாரவிலை. சோளத்துக்கோ உச்சவிலை. கணக்குப் போட்டால், சோளத்தை விற்பதைவிடப் பன்றிக்குப் போடுவதுதான் லாபம். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். 1943இல் பிறந்த பன்றிக்குட்டிகள் 12 கோடிக்கு மேல், அதுவரை காணாத எண்ணிக்கை. சோளம் பண்ணையை விட்டு வெளியே வரவேயில்லை. ஸ்டார்ச் ஆலைகளும் அவர்களை நம்பிய போர்த் தொழிற்சாலைகளும் சோளமில்லாமல் தவித்தன. 1944இல் சில கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) சோளத்தை அரசைத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று உத்தரவு போடும் அளவுக்குப் போய்விட்டது.

1943-44 குளிர்காலத்தில் அத்தனை பன்றியும் ஒரே நேரத்தில் இறைச்சி ஆலை வாசலுக்கு வந்தன. ஆலைகளில் ஆள் இல்லை, பலர் படையில். ஆதாரவிலை அறிவிப்பில் இருந்தும் பல விவசாயிகளுக்கு அது கைக்கு வரவில்லை. கயலின் அப்பா சொன்ன கதை இங்கேயும் நடந்திருக்கிறது. 1944 அக்டோபரில் ஆதாரவிலையை 12 டாலர் 50 சென்ட்டாகக் குறைத்தார்கள்.

---

நெல்லை வணிகன் எழுதியது:

மூன்று தலைமுறையாகத் தானிய வியாபாரக் குடும்பம், அதனால் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுப்பாட்டை இவ்வளவு மெச்ச வேண்டுமா?

1946ஐப் பாருங்கள். ஜூன் 30 அன்று விலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காலாவதியானது. மாட்டு விலை எகிறியது. ஜூலை கடைசியில் சட்டத்தை மறுபடி கொண்டுவந்தார்கள், இறைச்சிக்கு மட்டும் கொஞ்ச நாள் கழித்து உச்சவிலை வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது. விவசாயிகள் இளங்கன்றுகளைக்கூட அவசரமாக விற்றுத் தீர்த்தார்கள். உச்சவிலை திரும்பியதும் கசாப்புக் கடைகள் காலி. கிடைத்ததெல்லாம் கள்ளச்சந்தையில். அக்டோபர் 14 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ட்ரூமன் வானொலியில் வந்து இறைச்சிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். நவம்பர் தேர்தலில் அவர் கட்சி இரண்டு அவைகளையும் இழந்தது.

ஆதாரவிலை பக்கமோ உருளைக்கிழங்கு. அதே 1946இல் விளைந்து குவிந்தது. அரசு வாக்குக் கொடுத்தபடி வாங்கியது, வைக்க இடமில்லை. அலபாமாவில் குவியல் குவியலாகக் கொட்டி, யாரும் எடுத்துத் தின்னாமல் இருக்க மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். அதே ஆண்டு ஐரோப்பாவில் ஜனங்கள் பசியில் கிடந்தார்கள். இதற்கு என்ன பதில்?

---

டெல்டாக்காரன் எழுதியது:

வணிகன் ஐயா, மண்ணெண்ணெய் ஊற்றியதற்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. நனைந்து முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவன் நான்.

ஆனால் தவறு எந்த இடத்தில் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கோதுமை, சோளம், பருத்தி எல்லாம் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் இருக்கும். கடன் கொடுத்துச் சரக்கைப் பிடித்து வைக்கிற முறை அவற்றுக்குப் பொருந்தும். உருளைக்கிழங்கு சில மாதத்தில் அழுகும். அதற்கும் அதே 90 சதவீதத்தை வைத்தார்கள். பரப்பைக் குறைக்கச் சொன்னார்கள், விவசாயி பரப்பைக் குறைத்து உரத்தைக் கூட்டி, விளைச்சலை முன்னைவிட அதிகமாக எடுத்தார். எத்தனை ஏக்கர் என்று எண்ணியவர்கள் எத்தனை மூட்டை என்று எண்ணவில்லை. அழுகும் பொருளுக்கு விலையைச் சந்தையில் விழவிட்டு, வித்தியாசத்தை விவசாயிக்குக் கொடுத்திருக்கலாம். 1949இல் வேளாண் செயலர் சார்லஸ் பிரானன் இதையேதான் கேட்டார், காங்கிரஸ் ஏற்கவில்லை.

1946 இறைச்சியைப் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் அது கட்டுப்பாடு வருமா போகுமா என்று யாருக்கும் தெரியாமல் இழுத்தடித்த ஆண்டு. 1943 ஏப்ரல் 8 அன்று, இந்தக் கோட்டைத் தாண்டி விலை போகக் கூடாது என்று ரூஸ்வெல்ட் ஆணை போட்டபின் போர் முடியும் வரை உணவு விலை பெரிதாக ஏறவேயில்லை. அப்போது ரேஷன் அட்டை இருந்தது, மானியம் இருந்தது, கிடங்கில் சரக்கு இருந்தது. இந்த மூன்றையும் எடுத்துவிட்டு உச்சவிலையை மட்டும் வைத்துக்கொண்டால், கடையில் பொருள் இருக்காது என்பது நீங்களும் நானும் ஒப்புக்கொள்கிற விஷயம்தானே.

ட்ரூமன் போர் நடவடிக்கை ஓய்ந்ததாக அறிவித்தது 1946 டிசம்பர் 31 அன்று. அதனால் ஸ்டீகல் வாக்குறுதி 1948 டிசம்பர் கடைசி வரை ஓடியது. 1920-21 போன்ற சரிவு அந்த இடைவெளியில் வரவில்லை. ஐரோப்பாவுக்குப் போன தானியத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் கடன் தலைக்கு மேல் போய் நிலத்தை விட்டு ஓடுகிற காட்சி இரண்டாம் முறை நடக்கவில்லை.

---

கயல் எழுதியது:

எல்லாருக்கும் மிக்க நன்றி. டெல்டாக்காரன் ஐயா, இன்னும் ஒன்று. உச்சவிலையை மட்டும் வைத்தால் பொருள் மறையும் என்றீர்களே, அப்படி அதே போரில் நடந்த உதாரணம் இருந்தால் ஒப்பிட்டு எழுதலாம். இருக்கிறதா?

---

டெல்டாக்காரன் எழுதியது:

இருக்கிறதும்மா, நம் நாட்டிலேயே. அமெரிக்கச் சட்டத்துக்கு இரண்டு மாதம் முன்னால்.

1941 டிசம்பரில் இந்திய அரசு கோதுமை மொத்த விலைக்கு லாயல்பூரிலும் (இன்று பாகிஸ்தானில் உள்ள ஃபைசலாபாத்) ஹாப்பூரிலும் மணங்குக்கு (பழைய எடை அளவு) 4 ரூபாய் 6 அணா என்று உச்சவரம்பு வைத்தது. வாங்கி வைக்க அரசிடம் அமைப்பு இல்லை, கையிருப்பு இல்லை, பெரும்பாலான ஊர்களில் ரேஷனும் இல்லை. கோதுமை சந்தையை விட்டு மறைந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றது, அரிசி தின்றவர்களும் கோதுமையைத் தேட வேண்டிய நிலை. வரம்பை 5 ரூபாய்க்கு ஏற்றிப் பார்த்தார்கள், பயனில்லை. மத்தியில் உணவுத் துறை என்று ஒன்றை அமைத்ததே 1942 டிசம்பரில்தான். 1943 ஜனவரியில் கோதுமை வரம்பை எடுத்துவிட்டார்கள். மார்ச்சில் வங்காளத்தில் அரிசி விலைக் கட்டுப்பாட்டையும் கைவிட்டார்கள். அதற்குப் பிறகு அங்கே நடந்த பஞ்சம் உங்களுக்குத் தெரியும்.

உணவு தானியக் கொள்கைக்காக அரசு அமைத்த கிரெகரி குழு கொள்முதலையும் நகர ரேஷனையும் வலியுறுத்தி அறிக்கை கொடுத்தது 1943 செப்டம்பரில். பம்பாய் நகரில் மே மாதமே ரேஷன் தொடங்கியிருந்தது. கல்கத்தாவுக்கு அது வந்தது 1944 ஜனவரி கடைசியில்.

தாளுக்கு ஒரு யோசனை. சிகாகோ விலையையும் லாயல்பூர் அறிவிப்பு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றும் புரியாது. அமெரிக்க வேளாண் துறை மாதாமாதம் வெளியிட்ட, பண்ணையில் விவசாயிக்குக் கிடைத்த விலையை எடுங்கள். 1917 முதல் 1922 வரை ஒரு கோடு, 1941 முதல் 1949 வரை இன்னொரு கோடு. இந்தியப் பகுதிக்கு 1945இல் வந்த பஞ்ச விசாரணைக் குழு அறிக்கையிலேயே விலைவிவரம் நிறைய இருக்கிறது. வரைந்து இங்கே போடுங்கள், நானும் பார்க்கிறேன்.